உட்கார்ந்தால்தான் வரிசை

1978 ஆகஸ்ட் 14, திங்கட்கிழமை. தேதியில் எனக்குச் சந்தேகம் இல்லை. அன்று ஆஸ்பத்திரியில் கொடுத்த அட்டையில் ஊதா மையில் முத்திரை குத்தியிருந்தார்கள். அந்த அட்டை இன்றும் என்னிடம் இருக்கிறது. பள்ளி விடுமுறைக் காலம். வேலையாட்களைக் கூட்டிக் கணக்கெடுக்கும் பெரட்டு மணி அடிக்கும் முன்பே அம்மா எழுந்து அடுப்பைப் பற்றவைத்தார். எனக்குக் கோப்பியும் ரொட்டியும் கொடுத்தார். குளிருக்கு அப்பாவின் பழைய சட்டையை மேலே போட்டுக்கொண்டு, கூடையை முதுகில் மாட்டி, கொழுந்து பறிக்கப் பனிக்குள் இறங்கிப் போனார். எல்லாம் வழக்கம்போல்தான் நடந்தது. அப்பா மட்டும் பெரட்டுக்குப் போகவில்லை.

அப்பாவுக்குக் கவ்வாத்து வேலை. முற்றிய தேயிலைச் செடிகளை வெட்டித் தணிக்கும் கத்தி முந்தின வாரம் வழுக்கி, அவருடைய இடது உள்ளங்கையில் இறங்கிவிட்டது. தோட்டத்து மருந்தறையை நடத்திய டிரசர் மருந்து போட்டுக் கட்டினார். கை வீங்கியது. பிறகு முழங்கை வரை சிவந்தது. காய்ச்சலும் வந்ததும் டிரசர் கையை விரித்துவிட்டார்.

"இனி என்னால ஆகாதுப்பா. டவுன் ஆஸ்பத்திரிக்குப் போயிரு. இன்னும் ரெண்டு நாள் விட்டா கையையே எடுக்கணும்னு சொல்லுவாங்க."

கை போனால் கவ்வாத்து போகும். கவ்வாத்து போனால் லயத்து வீடு போகும், ஏனென்றால் வரிசை வீடுகளில் ஒன்றைத் தோட்டம் அப்பா பேரில்தான் கொடுத்திருந்தது. அம்மா காண்ட்ராக்டில் கொழுந்து எடுப்பவர். அந்த வேலைக்குத் தோட்டத்தில் வீடு கிடையாது. இதையெல்லாம் நான் பெரியவர்கள் பேசக் கேட்டிருந்தேன். வகுப்பில் பாடப் புத்தக வரியைக் கேட்பது போலத்தான் கேட்டிருந்தேன்.

அப்பாவுடன் அத்தை போவதாக முடிவாயிற்று. அத்தை அப்பாவின் அக்கா. அவர் வாய்க்குப் பயந்து கங்காணியே வேறு பாதையில் போவார் என்று லயத்தில் சொல்வார்கள். ஆஸ்பத்திரியில் ஏமாற்றிவிடாமல் இருக்க அத்தை; மலாய் எழுத்தைப் படிக்க நான். எனக்கு எட்டு வயது. பள்ளியில் மலாய்ப் பாடத்தில் நான் வாங்கிய மதிப்பெண்ணை அத்தை லயம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

அரிசி ஏற்ற டவுனுக்குப் போன தோட்டத்து லோரியில் தொற்றிக்கொண்டு போனோம். ஆஸ்பத்திரி நடையில் கூட்டம் நிரம்பியிருந்தது. திரிங்காப் காய்கறித் தோட்டக்காரர்கள் மண் ஒட்டிய பூட்ஸோடு வந்திருந்தார்கள். குழந்தைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு மலாய்ப் பெண்கள் இருந்தார்கள். இருமிக்கொண்டே ஒரு சீனக் கிழவரும் பிறகு வந்து சேர்ந்தார். சன்னலில் இருந்தவர் அப்பாவின் பெயரை எழுதி, அட்டையைக் கொடுத்து, நிமிர்ந்து பார்க்காமலே "அங்கே" என்று கையைக் காட்டினார். அவர் காட்டிய திசையில் சுவரை ஒட்டி நீண்ட மரப்பெஞ்சு ஒன்று இருந்தது. அதன் கடைசியில் டாக்டரின் அறைக் கதவு. பெஞ்சுக்கு எதிரே வெறும் சுவர்.

நாங்கள் வெறும் சுவர் ஓரமாகப் போய் நின்றோம்.

பெஞ்சுக்கு மேலே ஒரு பலகை மாட்டியிருந்தது. என் கடமையைச் செய்துவிடலாம் என்று சத்தமாகப் படித்தேன்.

"சிலா டுடுக். தயவுசெஞ்சு உட்காருங்கன்னு போட்டிருக்கு அத்தை."

"அது நமக்கு இல்லடி. டவுன்காரங்களுக்கு."

"எல்லாருக்குந்தான் அத்தை."

"எழுதி வச்சிருந்தா உடனே போய் உட்கார்ந்துருவியா? உள்ள டாக்டர் துரை இருக்காரு, நாம வெளிய காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறதா? பேசாம நில்லு."

அப்பா சுவரில் முதுகைச் சாய்த்து, துணி சுற்றிய கையை மார்போடு தூக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். எங்கள் தோட்டத்து ஆபீஸ் வராந்தாவில் பெஞ்சே கிடையாது. சம்பள நாளில் கணக்கெழுதும் கிராணியின் சன்னலுக்கு முன் நிற்பார்கள். என் பள்ளிக்கூடத்துக்கு வந்தாலும் அப்பா வாத்தியாருக்கு முன் நின்றுகொண்டுதான் பேசுவார். நின்றுகொண்டிருந்தால் பார்த்துக் கூப்பிடுவார்கள் என்பது அவருக்குத் தெரிந்த உலகம்.

யாரும் கூப்பிடவில்லை. கதவு திறக்கும், ஒருவர் வெளியே வருவார், ஒருவர் உள்ளே போவார். பிறகு நெடுநேரம் கதவு திறக்காமலே இருந்தது. இருந்த இரண்டு டாக்டர்களில் ஒருவர் நோயாளியோடு ஈப்போவுக்குப் போயிருந்தாராம். மற்றவரை நடுவில் பிரசவ வார்டுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். பின்பக்கக் கதவால் போனவர் எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் வெள்ளைச் சட்டைச் சிப்பந்தி, "சபார், சபார்" என்று உள்ளங்கையைக் காட்டினார். பொறுங்கள் என்று அர்த்தம். அந்தச் சொல்லை அத்தைக்கு மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

பெஞ்சில் கம்போங் ராஜாவிலிருந்து வந்த ஒரு காய்கறி வியாபாரி இருந்தார். மனைவியின் முழங்கால் வலிக்காக வந்தவர். காலையிலிருந்து அவர்தான் கூட்டத்துக்கெல்லாம் சேர்த்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"நான் கோஸை அறுத்து, லோரில ஏத்தி, சிங்கப்பூர் போய் வித்துட்டே திரும்பி வந்திருவேன் லா. இந்தக் கதவு தொறக்காது."

"முட்டி வலி எனக்கு. கத்துறது நீங்க," என்றார் மனைவி.

"இவ்ளோ பெரிய மலைக்கு ரெண்டே டாக்டரு! ஆட்டுக்கும் மாட்டுக்கும்கூட இதவிட அதிகம் வச்சிருப்பாங்க."

அத்தைக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. சுவரோரத்திலிருந்தே, "நல்லாச் சொன்னீங்கண்ணே! நாங்களும் எப்ப வந்தோம்! எங்களுக்குப் பின்னாடி வந்ததெல்லாம் உள்ள போய் ஊசி போட்டுட்டுப் போகுது. ஏழைக்கு இங்கயும் வேற நியாயந்தான்," என்றார். வியாபாரி தலையை ஆட்டி ஆமோதித்தார். அவரும் எங்களுக்குப் பின்னால் வந்தவர்தான் என்பதை இருவருமே கவனிக்கவில்லை.

மத்தியானம் ஆயிற்று. அப்பாவின் உதடு வறண்டு வெள்ளையாகியிருந்தது. லோரி வந்து காத்திருக்கிறதா என்று பார்க்க அத்தை வாசலுக்குப் போனார். எனக்குக் கால் கடுத்தது. பெஞ்சின் நடுவில் கொஞ்சம் இடம் தெரிந்தது. எல்லாருக்கும் கேட்கும்படி குறை சொல்லிக்கொண்டிருந்த வியாபாரி அப்போதுதான் மனைவிக்குத் தண்ணீர் வாங்கப் போயிருந்தார். இடத்தைப் பார்த்துக்கொள்ள மனைவி அங்கே இருந்தார்; அவருக்கு முன்னால் ஒரு பிள்ளைக்காரி எழுந்து போய் இடம் விட்டிருந்தாள்.

"ஏன் பாப்பா ஒத்தக் காலுல நிக்கிற? வா, இங்க குந்து," என்று வியாபாரியின் மனைவி என்னைக் கையைப் பிடித்து இழுத்துத் தனக்கு முன்னால் உட்காரவைத்தார்.

உட்கார்ந்தபின் எழ முடியவில்லை. ஒருபக்கம் முழங்கால் வலிக்கார அம்மாள், மறுபக்கம் சீனக் கிழவர். டாக்டர் திரும்பி வந்திருக்க வேண்டும். கதவு மறுபடி திறக்க ஆரம்பித்தது. கதவு திறக்கும்போதெல்லாம் பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் சொல்லி வைத்ததுபோல் ஓரிடம் நகர்ந்தார்கள். நானும் நகர்ந்தேன். நகர நகர அப்பாவிடமிருந்து தூரமாகிக்கொண்டே போனேன். அத்தை வந்து பார்த்தால் காதைத் திருகுவார் என்ற பயம் ஒன்றுதான் மனதில் இருந்தது. கிழவர் இருமலுக்கு நடுவே ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு எழுந்து உள்ளே போனார். அப்போதுதான் எனக்கும் கதவுக்கும் நடுவில் யாரும் இல்லை என்று தெரிந்தது.

கிழவர் வெளியே வந்தார். சிப்பந்தி என்னைப் பார்த்து உள்ளே போ என்று கையை வீசினார்.

"நான் இல்ல! எங்கப்பா!" என்று கத்தினேன். மலாயில் கத்தினேனா தமிழில் கத்தினேனா என்று நினைவில்லை. அப்பா கண்ணைத் திறந்தார். என்ன நடக்கிறது என்று புரியாமல் ஓரடி முன்னால் வந்தார்.

தண்ணீர்ப் போத்தலோடு வந்த வியாபாரி அவரை மறித்தார். "ஏய், என்னப்பா இது? நாங்கல்லாம் காலையிலேர்ந்து இங்க இருக்கோம். நீ பாட்டுக்குச் சுவத்துலேர்ந்து வந்து நேரா உள்ள போற?"

வாசலிலிருந்து அத்தை ஓடி வந்தார். "யாரைய்யா கேக்குற? ஒனக்கு முன்னாடி வந்தவன்யா என் தம்பி! இந்த நடையைக் கூட்டுறதுக்கு முன்னாடி வந்து நிக்கிறோம்!"

"நின்னா யாருக்கம்மா தெரியும்? உட்கார்ந்தாத்தானே வரிசை!"

அத்தை பெஞ்சைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், மேலே மாட்டியிருந்த பலகையைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார். நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

அதற்குள் அப்பாவின் கையில் சுற்றியிருந்த துணி அவிழ்ந்திருந்தது. வியாபாரி அந்தக் கையைப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"அடப்பாவி மனுசா, இந்தக் கையை வச்சுக்கிட்டா காலையிலேர்ந்து நின்ன? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா! போ, போ, உள்ள போ." பிறகு சிப்பந்தியின் பக்கம் திரும்பி, விட்ட இடத்திலிருந்து ஆஸ்பத்திரியைத் திட்ட ஆரம்பித்தார். மனைவியின் முறை தள்ளிப்போனதைப் பற்றி அவர் அப்புறம் பேசவே இல்லை.

டாக்டர் இளைஞர். கண்கள் சிவந்திருந்தன. மேசையில் கடித்து வைத்த ரொட்டி காய்ந்துகொண்டிருந்தது. அப்பாவை உட்காரச் சொன்னார். அப்பா நின்றார். மறுபடி சொன்னார். அப்பா என்னைப் பார்த்தார், நான் மொழிபெயர்க்க வேண்டும் என்பதுபோல். 'டுடுக்' என்ற சொல் அவருக்கு நன்றாகத் தெரியும் என்பது எனக்குத் தெரியும். கடைசியில் டாக்டரே எழுந்து வந்து, தோளைப் பிடித்து அழுத்தி நாற்காலியில் உட்காரவைத்தார். விளிம்பில், பாதிதான் உட்கார்ந்தார் அப்பா.

என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். கதவுக்குள்ளிருந்து அப்பாவின் குரல் ஒரே ஒருமுறை கேட்டது. அத்தை என் கையைப் பிடித்த பிடியில் வளையல் பதிந்துவிட்டது. பிறகு கதவு திறந்தது. அப்பா வெள்ளைக் கட்டோடு வந்தார். வியர்த்து நனைந்திருந்தார்; ஆனால் முகத்தில் வலியின் சுருக்கம் இல்லை. பின்னால் வந்த டாக்டர் மலாயில் மெதுவாகச் சொன்னார், நான் வரிக்கு வரி சொன்னேன். சீழ் எல்லாம் எடுத்தாயிற்று. தினமும் ஊசி போட வேண்டும், அதைத் தோட்டத்து டிரசரே போடலாம். கொஞ்ச நாள் கத்தியைத் தொடக்கூடாது. கைக்கு ஒன்றும் ஆகாது.

"கடைசியா சொன்னதை இன்னொருதரம் சொல்லு," என்றார் அத்தை. சொன்னேன். "இன்னொருதரம்." அதையும் சொன்னேன்.

தோட்டத்து லோரி எங்களை விட்டுவிட்டுப் போயிருந்தது. மனைவிக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு வந்த வியாபாரி தன் லோரியில் ஏற்றிக்கொண்டார். காலிக் கூடைகளுக்கு நடுவே அப்பா உட்கார்ந்த உடனே தூங்கிப்போனார். எங்கள் தோட்டத்துக்குப் பாதை பிரியும் கோலா தெர்லா முக்கில் இறங்கும்போது அத்தையும் வியாபாரியும் அண்ணன் தங்கை ஆகிவிட்டிருந்தார்கள்.

லயத்தில் எல்லாரும் கூடிவிட்டார்கள். தான் ஆஸ்பத்திரியில் போட்ட சண்டையில்தான் கதவே திறந்தது என்று அத்தை சொன்னார். பெஞ்சைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. காதையும் திருகவில்லை. படுக்கப் போகும்போது நான் அப்பாவிடம், "ஏம்ப்பா அவர் சொல்லியும் நீங்க உட்காரல?" என்று கேட்டேன். "பழக்கமில்ல புள்ள," என்றார். நாற்காலியில் உட்காருவதற்கு என்ன பழக்கம் வேண்டும் என்று யோசித்துக்கொண்டே தூங்கிவிட்டேன்.

நாங்கள் வந்தபோதே வீட்டுக்குள் அலமாரித் தட்டுகள் காலியாக இருந்ததைப் பார்த்திருந்தேன். குண்டான், வாளி, சாமிப்படம், என் பள்ளிச் சீருடை எல்லாம் இரண்டு சேலைகளில் மூட்டையாகக் கட்டி மூலையில் இருந்தன. அம்மா தேயிலை மலையிலிருந்து சீக்கிரமே திரும்பி வந்து கட்டியிருக்கிறார். சுண்ணாம்பு அடிக்கும்போதும் இப்படித்தான் சாமான்களைக் கட்டி ஒதுக்குவோம்; அதனால் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கப்போகிறோம் என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் பெரட்டு மணிக்கு முன்பே அம்மா எழுந்தார். அடுப்பைப் பற்றவைக்கவில்லை. முதலில் மூட்டைகளை அவிழ்த்தார். சாமிப்படத்தை ஆணியில் மாட்டி, நேராக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்தார். குண்டானையும் வாளியையும் துடைத்து, அவை இருந்த இடத்திலேயே வைத்தார்.

"சுண்ணாம்பு அடிக்கலையாம்மா?" என்று கேட்டேன்.

"இல்லடி. அடிக்க வேண்டாம்," என்றார் அம்மா. எனக்கு ஏமாற்றமாக இருந்தது.