செயின் மட்டும் போதும்

இன்று காலை ஆபீஸ் சைக்கிள் ஸ்டாண்டில் கூடியிருந்தவர்கள்: எங்கள் மேனேஜர், அவருடைய விலையுயர்ந்த சைக்கிள், சுற்றிலும் நான்கு இன்ஜினியர்கள். அதில் நானும் ஒருவன். வராதவர், சைக்கிள் ரிப்பேர் தெரிந்த யாராவது ஒருவர். மேனேஜர் பெடலை மிதித்துக் காட்டினார். 'கடக்'. செயின் பல்லைத் தாண்டி வழுக்கியது. நால்வரும் பொறுப்பாக ஃபோனை எடுத்தோம்.

அந்தச் சத்தம் எனக்குப் பழைய சொந்தம். பெங்களூர் ஈஜிபுராவின் ஒற்றை அறை வீட்டில், அக்காவின் சைக்கிளில் அதை முதலில் கேட்டபோது நான் மெக்கானிக்கல் டிப்ளமா கடைசி வருடம். வீட்டில் எட்டாம் வகுப்பைத் தாண்டிய முதல் பிரஜை. எனவே கரண்ட் பில், காய்ச்சல் மாத்திரை, எதற்கும் தீர்ப்பு நான்தான் சொல்லவேண்டும். சொல்லாமல் விட்டதும் இல்லை.

அக்காவுக்கு கார்மெண்ட்ஸில் தையல் வேலை. ஒன்பது மணிக்கு கேட் மூடிவிடும். ஒரு நாள் பிந்தினாலும் அந்த மாத அட்டெண்டன்ஸ் பணம் ஐந்நூறும் போச்சு. அந்த ஐந்நூறில்தான் என் இன்டர்வியூவுக்கு ஷூ வாங்குவதாக ஏற்பாடு.

தெருமுனை சைக்கிள் கடை பாய் சக்கரத்தை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். "செயின் இழுத்துப்போச்சும்மா. பின்னால ஃப்ரீவீல் பல்லும் தேஞ்சிருக்கு. ரெண்டும் மாத்தணும்."

ரெண்டா? ஒரு நோய்க்கு இரண்டு மருந்து எழுதுகிறவரை நம்ப நான் என்ன படிக்காதவனா? "செயின் மட்டும் போதும். மத்ததெல்லாம் பாயோட வியாபாரம்" என்றேன் வீட்டில்.

"படிச்ச புள்ள சொல்லுதில்ல" என்றாள் அம்மா. வழக்கு முடிந்தது. செயினை நானே வாங்கி, நானே மாட்டினேன். விரலில் ஒட்டிய கருப்பு எண்ணெய் வாசனையைப் பட்டம் வாங்கியவன்போல் முகர்ந்துகொண்டு திரிந்தேன்.

பழைய செயினாவது பழைய பல்லோடு சேர்ந்தே தேய்ந்து, எப்படியோ ஒத்துப்போயிருந்தது. கொக்கிபோல் வளைந்துவிட்ட பல்லில் புதுக் கண்ணி உட்காராது. இதெல்லாம் என் பாடப்புத்தகத்திலேயே இருந்தது. சைக்கிள் படம் போடாததால் எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் மேட்டில் அக்கா எழுந்து நின்று மிதித்திருக்கிறாள். 'கடக்'. கால் வெறுமையில் இறங்க, முட்டி தரையில். மீதித் தூரம் தள்ளிக்கொண்டே போனாள். "டைம் ஆய்த்தம்மா", நேரமாகிவிட்டது என்று கன்னடத்தில் சொல்லி வாட்ச்மேன் கேட்டைச் சாத்தினாராம்.

பத்து மணிக்கே வீடு திரும்பியவள் முட்டியைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "இன்ஜினியர் சார், உங்க செயின் சூப்பர். சைக்கிள்தான் அதுக்குத் தகுதியா இல்ல."

பாய் ஃப்ரீவீலை மாற்றிக் கொடுத்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. ஷூ மட்டும் எப்படியோ வந்துவிட்டது. எப்படி என்று கேட்கும் அளவுக்கு நான் அப்போது படித்திருக்கவில்லை.

இன்று பாய் கடையில் ஃபோன் கவர் விற்கிறார்கள். கார்மெண்ட்ஸ் இருந்த இடத்தில் அடுக்குமாடி. சைக்கிளை எடைக்குப் போட்டாயிற்று. அக்கா ஸ்கூட்டர் வைத்திருக்கிறாள். அதில் ஏதாவது சத்தம் வந்தால், ரிப்பேர் முடிந்த பிறகுதான் என்னிடம் சொல்கிறாள்.

மேனேஜரிடம் "பின்பல்லையும் பாருங்கள் சார்" என்று சொல்லிவிட்டு அவளுக்கு ஃபோன் போட்டேன்.

"அந்த ஷூ எப்டிக்கா வாங்குன?"

"இப்ப எதுக்குடா அது? மூணு ஞாயித்துக்கெழமை ஓவர்டைம் பாத்தேன். நீ எங்க கவனிச்ச, தூங்கிட்டிருந்த."

ஆக, அந்த ரிப்பேரின் கணக்கு: செயின் இருநூற்று இருபது, ஃப்ரீவீல் நூற்றைம்பது, அட்டெண்டன்ஸ் ஐந்நூறு. மொத்தம் எண்ணூற்று எழுபது ரூபாயும் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளும்.