டூலுக்குத் தெரியாத வரி

நாவலூர் ஆபீஸில் என் பக்கத்து இருக்கைக்காரர் திருப்போரூரிலிருந்து பஸ்ஸில் வருவார். ஒல்லி உடம்பு, எண்ணெய் வழியும் தலை. கம்ப்யூட்டர் புரோகிராமில் ஒரு வரியை அழிக்கச் சொன்னால் போதும், செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் சம்மணம் போட்டு அலச ஆரம்பித்துவிடுவார்.

ஒருநாள், ஆஸ்பத்திரிக் கருவிக்கான புரோகிராமில் பழைய ஃபங்ஷன் ஒன்றை, தனிப் பெயர் வைத்த சில கட்டளை வரிகளை, காட்டினேன். "இதை யாருமே பயன்படுத்தலன்னு தேடுற டூலே சொல்லுது. தூக்கிடுங்க."

"அதைக் கூப்புடுற எடத்துல பேரை ரெண்டு துண்டா எழுதி, புரோகிராம் ஓடும்போது ஒட்டிக்கினு இருந்தா டூலுக்கு இன்னா தெரியும் சார்?" என்றவர், ஃபைல்களை ஒவ்வொன்றாகத் திறந்தார். எனக்கு எரிச்சல்.

சாயங்காலம் திரையை என் பக்கம் திருப்பினார். பெயரின் இரண்டு துண்டுகளும் வெவ்வேறு ஃபைலில் கிடைத்திருந்தன. நோயாளிக்கு மூச்சு குறைந்தால் மணியடிக்கும் ஃபங்ஷன் அது.

"தூக்கிடலாமா சார்?" என்றார், சிரிக்காமல்.

அவர் வேலை மாறிப் போய்விட்டார். இப்போதெல்லாம் ஒரு வரியை அழிக்குமுன் நான் செருப்பைக் கழற்றிவிடுகிறேன்.