கீரை பாய் கறி தின்னாத கதை

கறிக்கடையில் ஆடு அறுக்கிற மனிதருக்குக் கீரை பாய் என்று பட்டப்பெயர் சூட்டிய புண்ணியவான் யாரென்று தெரியவில்லை. சூட்டிய பிறகு அவருடைய சொந்தப் பெயரை யாரும் தேடவுமில்லை. காலை ஆறு மணிக்கு ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு, கடைக்குப் பின்னால் வெள்ளை ஓடு பதித்த அறைக்குள் நுழைவார். ஆட்டைத் தொழுகைத் திசையான கிப்லாவைப் பார்க்கக் கிடத்தி, "பிஸ்மில்லாஹி அல்லாஹு அக்பர்" என்று சொல்லி, கத்தியை ஓர் இழுப்பு. நாளொன்றுக்கு முப்பது ஆடு. எல்லாம் முடிந்து மதியம் டப்பாவைத் திறந்தால் உள்ளே கீரையும் பருப்பும்தான் இருக்கும்.

"பாய், ஆடு திங்கிறதையெல்லாம் நீங்களே தின்னுட்டா, ஆடு எதத் தின்னும்?" என்பார் தோல் உரிக்கிறவர். மூன்று வருஷமாக இதே பகடி. கீரை பாயும் மூன்று வருஷமாக அதே சிரிப்பைச் சிரித்துவைத்தார்.

பெண்டாட்டி போன துக்கம் என்று முதல் வருஷம் ஊர் அவரைச் சும்மா விட்டது. இரண்டாம் வருஷம் வாய் அரிக்க ஆரம்பித்தது. அல்லாஹ் ஆகுமாக்கியதை வேண்டாமென்று தள்ளுவது என்ன பழக்கம் என்றார்கள். மனுஷன் மார்க்கத்தை விட்டு நழுவுகிறாரோ என்றுகூடச் சிலர் ஆராய்ந்தார்கள். ஊருக்கு அடுத்தவன் தட்டை எட்டிப் பார்க்காவிட்டால் தன் சோறு இறங்காது.

பேச்சு பொறுக்காமல் ஒருநாள் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசலில் தொழ வைக்கிற ஹஜ்ரத்திடம் போய் உட்கார்ந்தார்.

"ஹஜ்ரத், கறி சாப்பிடாமலே ஒருத்தர் முஸ்லிமா இருக்கலாமா?"

ஹஜ்ரத் சிரித்துவிட்டார். "அஞ்சு கடமையில கறி எங்க பாய் இருக்கு? பிடிக்கலன்னா சாப்பிடாதீங்க, யாரும் கேக்க முடியாது. ஆனா ஆகுமானத ஹராம்னு மட்டும் சொல்லிடக் கூடாது."

"அறுக்கும்போது அல்லாஹ் பேர் சொல்ல மறந்துட்டா?"

"மறதிக்குக் குத்தமில்ல. தாராளமா சாப்பிடலாம்."

இரண்டு நல்ல பதில்களோடு படியிறங்கினார். நிம்மதி மட்டும் கூட வரவில்லை. ஏனென்றால் அவர் மறக்கவில்லை. ஹஜ்ரத்திடம் மறதி என்று கேட்டது பொய்.

நடந்தது இதுதான். மனைவி படுக்கையில் கிடந்த நேரம். அரைநாள் விடுப்புக் கேட்டார். முதலாளி வாசலில் நின்றபடி, "உன் பொண்டாட்டி இன்னைக்கே போயிடப் போறதில்ல, வேலையப் பாருய்யா" என்றார். கீரை பாயின் கைக்குக் கீழே ஆடு கிடந்தது, கத்தி கழுத்தில் இருந்தது. ரத்தம் தலைக்கேறி, "நாசமாப் போ" என்றார். கை தன் பழக்கத்தில் இழுத்துவிட்டது. இறைவன் பேரைச் சொல்ல வேண்டிய இடத்தில் ஒரு சாபத்தைச் சொல்லி ஓர் உயிரை எடுத்துவிட்டார். மறதிக்கு மன்னிப்பு உண்டு, இப்படி அறுத்த கறி ஆகாது என்றே அவருக்குப் பட்டது. சுதாரித்து நிமிர்வதற்குள் ஆடு கொக்கியில் ஏறி, மற்ற ஆடுகளோடு கலந்து போயிற்று. வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சாயங்காலம் முதலாளி மனசு இளகி, கழுத்தெலும்பு ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தார். அது எந்த ஆட்டினுடையது என்று இவர் கேட்கவில்லை.

உண்மையைச் சொல்லிக் கேட்டிருந்தால் ஹஜ்ரத் அதற்கும் ஏதாவது வழி சொல்லியிருப்பார். அந்த வழியைக் கேட்கத்தான் மனிதருக்குத் தைரியம் இல்லை. மறுநாளிலிருந்து கறியை விட்டார், அவ்வளவுதான். மனைவி அதற்கு மறுநாள் இறந்தாள்.

இப்போது மகளுக்குச் சம்பந்தம் வந்தது. மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். மாப்பிள்ளை அவளுக்குப் பிடித்தவன். இரண்டு வருஷமாக அவனுக்காகத்தான் வந்த இடத்தையெல்லாம் தட்டிக்கழித்தாள். அவனுடைய தகப்பனார் ஓட்டல்காரர். அந்த ஓட்டலுக்குக் கறி போவது கீரை பாய் அறுக்கிற கடையிலிருந்துதான். பேசி முடிக்க அவரே இவர்கள் வீட்டுக்கு வருகிறார் என்றதும் மகளுக்குக் கை கால் ஓடவில்லை.

"வாப்பா, அவர் கேட்டா டாக்டர் கறி வேணாம்னு சொல்லிட்டார்னு சொல்லிடுங்க. எனக்காக இந்த ஒரு பொய்."

"சரிம்மா" என்றார். அவள் முகத்தைப் பார்த்து வேறென்ன சொல்ல முடியும்?

ஓட்டல்காரர் நல்ல மனிதர்தான். பேச்செல்லாம் சுமுகமாக முடிந்து, தேதிகூடக் குறித்தாகிவிட்டது. சாப்பிட உட்கார்ந்ததும் தன் கையாலேயே ஒரு பெரிய துண்டை எடுத்துக் கீரை பாயின் தட்டில் வைத்தார்.

"சம்பந்தி ஆயிட்டோம். இனிமேலும் கீரைதானா?"

"டாக்டர்..." என்று ஆரம்பித்தார் கீரை பாய்.

ஓட்டல்காரர் கையை நீட்டித் தடுத்தார். "டாக்டர விடுங்க. ஊர்ல என்னென்னமோ பேசுறாங்க, நான் நம்பல. ஆனா நீங்க அறுக்கிறத நான் முந்நூறு பேருக்குப் போடுறேன். அல்லாஹ்வ சாட்சியா வச்சு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. அதுல கோளாறு எதுவும் இல்லையே?"

அந்தச் சாட்சியை இழுக்காமல் இருந்திருந்தால் மனிதர் பொய்யை முடித்திருப்பார். அடுக்களை வாசலில் மகள் நின்றிருந்தாள். கோளாறு இல்லையென்று சொல்லிவிடுங்கள் என்று கண்ணாலேயே கெஞ்சினாள். கீரை பாய் தட்டைச் சற்றுத் தள்ளிவைத்தார்.

"ஒரு ஆடு" என்றார். "மூணு வருஷத்துக்கு முன்னாடி. பேர் சொல்லாம அறுத்துட்டேன். மறந்து போய் இல்ல. சாபம் விட்டுட்டே அறுத்தேன்."

ஓட்டல்காரர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. எழுந்து கை கழுவினார். "அன்னைக்கே சொல்லியிருந்தா ஒரு ஆட்டோட போயிருக்கும் பாய். மூணு வருஷம் மறைச்சவரை இனிமே நான் எதுல நம்புறது?" என்று கேட்டார். படியிறங்கும்போதே கடை முதலாளிக்குப் போன் போட்டுவிட்டார். சோறு ஆறுவதற்குள் சம்பந்தமும் போயிற்று, வேலையும் போயிற்று.

மகள் தட்டுகளை எடுத்துக் கழுவினாள். கல்யாணம் நின்றதற்குக் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். திட்டட்டும் என்று தலையைக் குனிந்தே உட்கார்ந்திருந்தார். அவள் கேட்டது வேறு.

"அது எந்த நாள் வாப்பா?"

"உம்மா போறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி."

குழாயை மூடினாள். "அன்னைக்கு எலும்பு கொண்டு வந்தீங்களே?"

அவர் குனிந்த தலையை ஆட்டினார்.

"உம்மா வேணாம் வேணாம்னாங்க. நான்தான் சூப்பு வச்சு, அதட்டி அதட்டி ஊட்டினேன். அதுக்கப்புறம் அவங்களுக்குத் தண்ணிகூட இறங்கல."

"உம்மா மேலயும் உன் மேலயும் ஒரு குத்தமும் இல்லம்மா. தெரியாம செஞ்சதுதானே. எந்த எலும்புன்னு எனக்கே தெரியாது."

"ஹஜ்ரத் சொன்னாரா?"

"நான் அவர்கிட்ட அதக் கேக்கல."

அவள் மறுபடி குழாயைத் திறந்து மிச்சத் தட்டுகளைக் கழுவினாள். மூன்று வருஷம் அவர் தனியாக மென்று விழுங்கியதெல்லாம் இந்த ஒன்று அவள் காதுக்குப் போகக் கூடாது என்றுதான். அதுவும் போய்விட்டது.

மறுநாள் மதியம் கீரை பாய் வீட்டில் இருந்தார், போக இடமில்லை. மகள் சோறு போட்டாள். முந்தின நாள் கறி சட்டியில் அப்படியே இருந்தது. அவர் தட்டில் கீரையை வைத்தாள். பிறகு உட்கார்ந்து, தன் தட்டிலும் கீரையையே வைத்துக்கொண்டாள்.