ஏழு நூல் குறைந்த மந்திரகோடி

ஏலிக்குட்டிக்குக் கல்யாணமே ஆகவில்லை. ஆனால் சங்கனாச்சேரியில் அவள் அளவுக்கு மந்திரகோடி தோளில் போட்டவள் வேறு யாரும் கிடையாது. மந்திரகோடி என்கிற அந்தக் கல்யாணச் சேலையை எடுக்க மாப்பிள்ளை வீட்டார் எங்கள் கடைக்கு வருவார்கள். பெண் குவைத்திலோ லண்டனிலோ நர்ஸ் வேலையில் இருப்பாள். அவளுக்குப் பதிலாகக் கண்ணாடி முன்னால் நிற்பது ஏலிக்குட்டிதான். ஐம்பது தாண்டிய பிறகும் தோள் நிமிர்ந்தே இருக்கும். நான் அதே கடை மாடியில் ஜாக்கெட் தைப்பவன். தென்காசியை விட்டு வந்து தலை நரைத்தாயிற்று, இன்னும் எல்லாருக்கும் அண்ணாச்சிதான்.

அந்த வருஷம் ஈஸ்டர் முடிந்ததும் ஜிபின் என்ற பையனுக்காக அவன் அம்மா வந்தாள். செல்போனில் பெண்ணின் படத்தைக் காட்டினாள்.

"பேரு லிஜி. உன் உயரம்தான், உன் நிறம்தான். நீ நின்னாப் போதும்."

"சிரிச்சா கன்னத்துல குழி விழுது பாருங்க அம்மச்சி. இவளுக்குச் சந்தன நிறம்தான் எடுக்கும்" என்றாள் ஏலிக்குட்டி. சந்தன நிறத்தில் தங்கக் கரை போட்டது ஒன்றை அவளே தேர்ந்து கொடுத்தாள். பிறகு ஒரு நாள் அதே அம்மா அதே பெட்டியோடு வந்து நின்றாள். கல்யாணம் நடக்கவில்லை, சேலையை உடுத்தவே இல்லை என்று மட்டும் சொன்னாள். பழகிய வாடிக்கை என்பதால் முதலாளி திருப்பி வாங்கிக்கொண்டார்.

மடித்து வைக்கப் பிரித்த ஏலிக்குட்டி நேரே மாடிக்கு வந்தாள்.

"அண்ணாச்சி, இங்க பாருங்க. ஓரத்துல நூல் உருவியிருக்கு."

"எலி கடிச்சிருக்கும்."

"எலி எண்ணி ஏழு நூல் எடுக்குமா?"

ஊசியை வைத்துவிட்டு நானும் எண்ணினேன், ஏழுதான். தாலியை இங்கே மின்னு என்பார்கள். கல்யாணத்துக்கு முந்தின நாள் மாப்பிள்ளை வீட்டில் மந்திரகோடியிலிருந்து ஏழு நூல் உருவி முறுக்கி, அதில்தான் மின்னைக் கோப்பார்கள். நூல் எடுத்துவிட்டால் அது கடைச் சேலை இல்லை, ஒருத்தியின் சேலை.

முதலாளி படிக்கட்டில் நின்று கத்தினார். "அந்த ஓரத்த வெட்டி மடிச்சுத் தைச்சிடு அண்ணாச்சி. யாரு பாக்கப்போறா?"

நான் கத்தரிக்கோலை எடுத்தேன். ஏலிக்குட்டி என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இத நான் எடுத்துக்கறேன் முதலாளி. சம்பளத்துல பிடிச்சுக்கோங்க."

"ஏண்டி, இந்த வயசுல கல்யாணமா?"

"கல்யாணத்துக்கில்ல, சாவுக்கு."

முதலாளி சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இங்கே மின்னு கட்டிக்கொண்டவளின் மந்திரகோடி கடைசிவரை பெட்டியில் இருந்து, சவப்பெட்டியில் அவளைப் போர்த்திக்கொண்டு போகும். கட்டாதவளுக்கு எது?

"நின்னுபோன கல்யாணத்துச் சேலை. வேற எடுங்க சேச்சி" என்றேன்.

"இத இனி யாரும் எடுக்க மாட்டாங்க. என்னையும்தான் யாரும் எடுக்கல. போறப்பவாவது எனக்குன்னு ஒண்ணு மேல கிடக்கட்டும் அண்ணாச்சி."

அதற்குப் பிறகுதான் அது ஆரம்பித்தது. கண்ணாடி முன்னால் நிற்கும்போது ஏலிக்குட்டி ஓர் ஆள் நிற்கும் இடத்தை விட்டுத் தள்ளி நிற்கத் தொடங்கினாள். "நேரா நில்லுங்க சேச்சி, பாதிச் சேலைதான் தெரியுது" என்று வருகிறவர்கள் முணுமுணுத்தார்கள். நானும் ஒருநாள் எரிந்து விழுந்தேன்.

"நான் நடுவுல நின்னா அவளுக்கு மறைக்குமே" என்றாள்.

"எவளுக்கு?"

"கன்னத்துல குழி விழுமே, அவளுக்கு. இப்பல்லாம் சிரிக்கறதில்ல. என் தோள்ல போடற ஒவ்வொண்ணையும் பாக்கறா. அதில்ல, அதில்லன்னு தலையாட்டறா."

லிஜி என்ன ஆனாள் என்று அதுவரை எங்களிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. நான் பயந்தாங்கொள்ளி இல்லை. ஆனாலும் அன்றிலிருந்து தலைசீவக்கூட அந்தக் கண்ணாடிப் பக்கம் போகவில்லை.

மழைக்காலத்தில் ஜிபினே வந்தான். தாடி வளர்ந்து, சட்டை நனைந்து, பார்க்கச் சகிக்கவில்லை. "எங்க அம்மா ஒரு மந்திரகோடி திருப்பிக் குடுத்தாங்களே" என்று தொடங்கினான்.

"பொண்ணு எப்படிப் போனா மோனே?" என்று கேட்டாள் ஏலிக்குட்டி.

அவன் படிக்கட்டிலேயே உட்கார்ந்து அழுதான். கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் ஆட்டோவில் தேவாலயத்துக்கு ஜெபிக்கப் போனவள்மேல் லாரி ஏறிவிட்டது. அதற்குள் இவன் வீட்டில் நூல் உருவி மின்னும் கோத்துவிட்டார்கள்.

"பெட்டிய மூடறதுக்கு முன்னாடி நான் அந்த மின்ன அவ கழுத்துல கட்டிட்டேன் சேச்சி. அவ அம்மா மட்டும் பாத்தாங்க. கட்டினவன் கோடி போத்தணும்ல? எனக்கு அப்பத் தோணல. இப்ப வந்து கேக்கறா. கண்ண மூடினா கேக்கறா."

ஏலிக்குட்டி என்னைப் பார்த்தாள். எனக்குக் கோபம்தான் வந்தது. ஊருக்கெல்லாம் உடுத்திப் பார்த்துக் கொடுத்தவள், தனக்கென்று ஒன்றை வைத்துக்கொண்டால் அதற்கும் ஆள் வந்துவிட்டது.

"குடுக்காதீங்க சேச்சி. காசு குடுத்து வாங்கினது" என்றேன்.

"அவதான் தினமும் வந்து தேடறாளே அண்ணாச்சி" என்றவள் அவன் பக்கம் திரும்பினாள். "குடுத்தா நீ என்ன பண்ணுவ? கல்லறைய உடைப்பியா? வீட்டுல வெச்சா நாளைக்கு வர்றவ அதப் பாத்துப் பாத்து உருகிப்போவா. என்கிட்டயே இருக்கட்டும் மோனே. நான் எப்படியும் போகணும்ல? போறப்ப கொண்டுபோய் அவ கையில குடுத்துடறேன்."

"அப்ப உங்களுக்கு?"

"நான் கடைக்காரி. ஒருத்திக்குப் பார்சல் கட்டினத நடுவழியில பிரிச்சு உடுத்துவேனா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அன்று முழுக்கச் சேலைகளைத் தப்புத் தப்பாக மடித்தாள்.

அடுத்த நோன்புக் காலத்தில், கல்யாணம் இல்லாமல் கடை காற்று வாங்கிக்கொண்டிருந்தபோது, ஏலிக்குட்டி மூச்சுத் திணறி இறந்தாள். நான் போய்ச் சேர்ந்தபோது அவள் தம்பி மனைவி மேரிக்குட்டி அந்தச் சேலையை விரித்துப் பிணத்தின்மேல் போர்த்திக்கொண்டிருந்தாள்.

"போத்தாத! எடு அத!" என்று கத்திவிட்டேன். முற்றம் முழுவதும் திரும்பிப் பார்த்தது.

"இதுக்குத்தான் பொத்திப் பொத்தி வெச்சிருந்தா. உமக்கென்ன அண்ணாச்சி வந்துச்சு?"

"இதுக்குத்தான் வாங்கினா. ஆனா இப்ப இது அவளோடது இல்ல."

"பின்ன யாரோடது?"

கூட்டத்தின் பின்னாலிருந்து ஜிபின் வந்தான்.

"என் பெண்டாட்டியோடது" என்றான்.

அந்த வார்த்தையை அவன் அதற்கு முன் யார் முன்னாலும் சொன்னதில்லை. மேரிக்குட்டி கையை எடுத்தாள். நான் சேலையைக் கடையில் மடிப்பதுபோல் மடித்து ஏலிக்குட்டியின் கைக்குள் செருகினேன். அவள்மேல் கிடந்தது கடைக்கு உடுத்திவரும் நீலச் சேலை மட்டும்தான். அதன் மடிப்பையாவது நான் நீவிவிட்டேன்.

பாதிரியார் மூடியைச் சாத்தச் சொன்னார். ஜிபின் மட்டும் குனிந்து ஏலிக்குட்டியின் காதில் ஏதோ பேசத் தொடங்கினான். லிஜியிடம் சொல்லச் சொல்லி அனுப்ப அவனிடம் நிறைய இருந்திருக்க வேண்டும். பாதிரியார் இரண்டு முறை இருமியும் அவன் நிமிரவில்லை.