விசில் வந்துடுச்சு

எங்கள் தறிக்கூடத்தில் யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டாலும் கேட்காது. அத்தனை தறிகளும் ஒன்றாக அடிக்கும்போது, பக்கத்தில் நிற்பவள் தொண்டை கிழியக் கத்தினாலும் வாய் அசைவதுதான் தெரியும். அதனால் வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே உதட்டைப் பார்த்துப் பேசப் பழகிவிடுவோம். மேஸ்திரியை அவர் எதிரிலேயே திட்டுவோம். அவருக்கு அந்த வித்தை தெரியாது, சிரித்துக்கொண்டே போவார். இதில் கைதேர்ந்தவள் மூன்றாம் வரிசை அக்கா. நான் நாலாம் வரிசை, அவளுக்கு நேர் எதிர்த் தறி. நான் வாயைத் திறக்கும் முன்பே பதில் சொல்லிவிடுவாள்.

அவளுக்குக் காது போய்விட்டது என்று முதலில் கண்டுபிடித்தவள் நான்தான். ஒருநாள் ஷிப்ட் முடிந்து கேட்டைத் தாண்டியதும் பின்னாலிருந்து "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டேன். தெருவே திரும்பிப் பார்த்தது, அவள் திரும்பவில்லை. என்மேல் என்ன கோபமோ என்று ஓடிப்போய் மறித்தேன். மூச்சிரைக்க நின்ற என்னைப் பார்த்ததும் அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"ரொம்ப நேரமா கூப்பிட்டியா?"

"என்னக்கா, காது கேக்கலையா?"

"ரெண்டு வருஷமாச்சு. யார்கிட்டயும் சொல்லிடாதடி."

"வீட்ல தெரியுமா?"

"வீட்லதான் தெரியவே கூடாது."

ஏன் என்று நடந்துகொண்டே சொன்னாள். அவள் பிறந்த வீட்டில் ஒரு பெரியத்தை இருந்தாள். நல்ல வாயாடியாம். காது போன பிறகு அந்த வீட்டில் அவளுக்கென்று மிஞ்சியது இரண்டே வார்த்தை. "சாப்பிடு", "படு". மற்றவர்கள் கூடிப் பேசிச் சிரிக்கும்போது பெரியத்தை ஒவ்வொரு முகமாக மாற்றி மாற்றிப் பார்ப்பாள். என்ன என்று கேட்டால், ஒன்றுமில்லை, நீ சாப்பிடு என்று கையைக் காட்டுவார்கள். "அந்த மூஞ்சி எனக்கு வரவேண்டாம்டி" என்றாள் அக்கா. அன்றிலிருந்து அந்த விஷயத்தைக் காதும் காதும் வைத்தாற்போல் நாங்கள் இரண்டு பேரும் வைத்துக்கொண்டோம்.

அவள் வீட்டுக்கு நான் போயிருக்கிறேன். ரயில் பெட்டி மாதிரி நீளமான வீடு. முன்னால் கூடம், நடுவில் சமையலறை, பின்னால் ஓர் அறை. பின்னறைக்குப் போக வேண்டுமானால் அடுப்பை உரசிக்கொண்டுதான் போக வேண்டும். கூடத்தில் அவளுடைய வீட்டுக்காரரின் நாற்காலி. பஸ் டிப்போவில் டிக்கெட் கணக்கு பார்க்கிறவர். குடியில்லை, கை நீட்டும் பழக்கமில்லை, சம்பளக் கவரைப் பிரிக்காமல் கொண்டுவந்து தருவார். தங்கமான மனுஷன். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் ஒரு துரும்பைக்கூட நகர்த்தாத தங்கம். காலேஜ் படிக்கும் பையனுக்கும், பரீட்சைக்குப் படிக்கும் பெண்ணுக்கும் அப்பாவின் குணம் அப்படியே வந்திருக்கிறது.

காலையில் வேலைக்குப் புறப்படும் முன் ஒரு முறை, சாயங்காலம் திரும்பியதும் ஒரு முறை, அந்த வீட்டில் குக்கர் அடுப்பேறும். பழைய குக்கர். கைப்பிடி ஆடும். கேஸ்கட் தளர்ந்து ஓரத்தில் ஆவி கசிந்தால் அதை ஃப்ரீஸரில் போட்டுவைத்து மாட்டுவாள். குளிர்ந்து இறுகினால் இன்னும் சில நாள் தாங்கும். அக்காவுக்கு அந்த வசதிகூட இல்லை. எட்டு மணி நேரம் நின்ற காலோடு வந்து, பருப்பைக் கழுவிப் போட்டு, மூடி, வெயிட்டை வைப்பாள்.

காது கேட்ட காலத்தில், வெயிட்டை வைத்த கையோடு பின்னறைக்குப் போய் வெறுந்தரையில் படுத்துவிடுவாளாம். மூன்றாவது விசில் வரும்வரை அந்த நேரம் அவளுடையது. யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள், குக்கர் அடுப்பில் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். முதல் விசிலுக்குக் கண் சொக்கும், இரண்டாவதுக்கு எங்கேயோ போயிருப்பாள், மூன்றாவதுக்கு எழுந்துவிடுவாள். "அந்தத் தூக்கம் ராத்திரித் தூக்கத்துலகூட வராதுடி" என்பாள். சொல்லும்போதே அவளுக்குக் கொட்டாவி வரும்.

அவள் எழுந்திருக்கும் முன்பே கூடத்திலிருந்து குரல் வந்துவிடும். "விசில் வந்துடுச்சு!" என்பார் வீட்டுக்காரர். "அம்மா, மூணு!" என்பான் பையன், போனிலிருந்து கண்ணை எடுக்காமல். "அம்மா, அப்பா கூப்பிடறார் பாரு" என்பாள் பெண். மூன்று பேரும் கணக்கில் புலி. எழுந்து போய் அடுப்பின் திருகை மூடுவது மட்டும் அம்மாவின் இலாகா. எந்த வீட்டில்தான் இப்படி இல்லை என்று நீங்கள் கேட்பீர்கள். அதனால்தான் எனக்கு எரிச்சல் இன்னும் அதிகமாகிறது.

காது போனதும் அவள் இழந்தது அந்தப் படுக்கையைத்தான். வெயிட்டை வைத்துவிட்டு அங்கேயே நிற்க வேண்டியதாயிற்று. அடுப்பு மேடைமேல் உள்ளங்கையைப் பதித்துக்கொண்டு வெயிட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள். வெயிட் தூக்கினால் கையில் ஒரு குறுகுறுப்பு வரும். அது ஒன்று. ஆவி அடங்கி மறுபடி குறுகுறுத்தால் இரண்டு. நாள் முழுக்கத் தறியைப் பார்த்துவிட்டு வந்து இதையும் பார்க்க வேண்டும். வீட்டில் கேலி செய்தார்கள். "அம்மாவுக்கு நம்மளவிட குக்கர் மேலதான் பாசம்" என்றானாம் பையன். அவளும் சிரித்து வைத்தாள். அவனுடைய உதட்டைப் பார்த்ததால் சிரிக்க முடிந்தது.

போன மாதம் ஒருநாள் மாற்று ஷிப்டுக்கு வரவேண்டியவள் வரவில்லை. மேஸ்திரி அக்காவையே தொடர்ந்து நிற்கச் சொல்லிவிட்டார். ராத்திரி முழுக்க நின்று, மறுநாள் தன் ஷிப்டையும் முடித்த பிறகு சாயங்காலம்தான் விட்டார்கள். மில் வாசலில் அவள் செருப்பை மாட்டத் தெரியாமல் நின்றதை நான் பார்த்தேன். கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போ என்றேன். உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டேன் என்று போய்விட்டாள்.

வீட்டுக்குப் போனதும் பருப்பை ஏற்றினாள். அவசரத்தில் பருப்பு கொஞ்சம் கூடிப்போயிற்று. மேடையில் கையைப் பதித்து நின்றாள். கண்ணை இழுத்துக்கொண்டு போனது. முதல் விசில் வருவதற்குள் காலை நீட்டிவிட்டு வந்துவிடலாம் என்று பின்னறைக்குப் போனாள். தரையில் தலை பட்டதுதான் தெரியுமாம்.

குக்கர் தன் வேலையைச் செய்தது. மூன்று விசில் வந்தது. வீட்டுக்காரர் வழக்கம்போலக் குரல் கொடுத்தார். ஐந்தாவதுக்குக் கொஞ்சம் சத்தமாகக் கொடுத்தார். பையன் "அம்மா!" என்று கத்திவிட்டு, காதில் மாட்டியிருந்ததை இன்னும் நன்றாக அழுத்திக்கொண்டான். பெண் அறுவையாக இருக்கிறதென்று புத்தகத்தோடு வாசற்படிக்குப் போனாள். விசில் வந்துகொண்டே இருந்தது. பிறகு நின்றுவிட்டது. அப்பாடா, ஒருவழியாக நிறுத்திவிட்டாள் என்று வீட்டுக்காரர் பேப்பரைத் திருப்பினார்.

நின்றது அடுப்பல்ல. நுரைத்த பருப்பு ஏறி, ஆவி போகும் துவாரத்தை அடைத்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் சேஃப்டி வால்வு பிய்த்துக்கொண்டு கிளம்பியது. மேற்கூரை முழுக்கப் பருப்பு. நல்லவேளை, பக்கத்தில் யாரும் இல்லை.

அந்தச் சத்தமும் அக்காவுக்குக் கேட்கவில்லை. யாரோ தோளைப் பிடித்து உலுக்க, கண்ணைத் திறந்தாள். வீட்டுக்காரர் குனிந்து நிற்கிறார், பின்னால் பையனும் பெண்ணும். அவர் முகத்துக்கு நேரே கத்தியது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

"எத்தனை தடவை கத்தறது? உனக்கென்ன, காது செவிடா?"

"ஆமாங்க" என்றாள் அக்கா.

பெண்தான் முன்னால் வந்து, உதட்டைக் கையால் மறைத்துக்கொண்டு "அம்மா" என்று சொல்லிப் பார்த்தாள். அக்கா அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெண்ணுக்கு அழுகை வந்துவிட்டது.

அக்கா எழுந்து உட்கார்ந்து வீட்டுக்காரரைக் கேட்டாள்.

"எத்தனை விசில் வந்துச்சு?"

கேட்டால் பதில் சொல்லியே பழகிய மனுஷன். "பதினாலு" என்றார்.

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. முகத்தில் ஈயாடவில்லை. இதை அக்கா மறுநாள் தறிக்கு அந்தப் பக்கத்திலிருந்து எனக்குச் சொன்னாள். அந்த இடம் வந்ததும் உதட்டை அசைக்கவில்லை. பத்து விரலையும் விரித்துக் காட்டினாள், பிறகு நாலு விரலைக் காட்டினாள். அவள் தலைமுடியில் ஒரு துணுக்குப் பருப்பு ஒட்டியிருந்தது. மேற்கூரையைத் துடைத்ததும் அவள்தானாம். பெண் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் பயந்ததெல்லாம் வீண்டி. காது கேட்டப்பவும் எனக்குன்னு என்ன சொன்னாங்க? விசில் வந்துடுச்சுன்னுதானே சொன்னாங்க" என்றாள். எனக்கு அழவேண்டும்போல இருந்தது. அதைவிட அந்த நாற்காலியை உடைக்க வேண்டும்போல இருந்தது.

அதற்கப்புறம் வீட்டில் பெரிய மாறுதல் என்று போன வாரம் தறியில் நின்றபடி சொன்னாள். பையன் காதில் வைக்கிற மிஷினைப் பற்றி விசாரித்துக்கொண்டிருக்கிறான். வீட்டுக்காரர் புது வால்வு வாங்கிப் போட்டுவிட்டார். எல்லோரும் முகத்துக்கு நேரே வந்து நிதானமாகப் பேசுகிறார்கள்.

"சாயங்காலம் மறுபடியும் படுத்துக்கறேன்டி. அவரே சொல்லிட்டார். நீ படு, நான் எண்ணிக்கறேன்னு."

படு என்ற வார்த்தை எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அவள் முகம் தெளிவாக இருந்ததைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.

"பரவாயில்லையே! மூணு வந்ததும் அவரே நிறுத்திடறாராக்கா?"

"இல்ல. மூணு வந்ததும் எழுந்து உள்ள வருவார். தோளைத் தொட்டு எழுப்பி, மூணு விரலக் காட்டுவார். நான் போய் நிறுத்துவேன்."

அவள் உதட்டைச் சரியாகப் படித்தேனா என்று சந்தேகம் வந்து, இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். அதையேதான் சொன்னாள்.

"அடுப்பத் தாண்டித்தானேக்கா அவர் உள்ள வரணும்?"

"ஆமா."

"அப்ப அந்தத் திருகை..."

"எனக்குத் தெரியாதாடி? நான் சொல்லல. இருபத்திரண்டு வருஷத்துல இப்பத்தான் நாற்காலியை விட்டு எழுந்து வர்றார். இதச் சொல்லப்போய், அதையும் விட்டுட்டார்னா?"

அவளுடைய தறியில் இழை அறுந்தது. முடிச்சுப் போடத் திரும்பிக்கொண்டாள். எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. அவள் முதுகைப் பார்த்து எதைச் சொல்வது.