ஓய்வு கொடுத்தே தேய்த்துவிட்டேன்

தொண்டையில் செய்த அறுவை சிகிச்சையில் என் கணவருக்குக் குரல் போய்விட்டது. அவர் பேசியதும் பாடியதும் என் பழைய லேப்டாப்பில் மட்டுமே இருந்தன. டிஸ்க்குக்கும் ஓய்வு, கரண்டும் மிச்சம் என்று, ஒரு நிமிடம் சும்மா இருந்தாலே ஹார்ட் டிஸ்க் உறங்கும்படி செட்டிங்கை மாற்றிவைத்தேன். அடிக்கடி 'டிக்' என்று சத்தம் வரும். நன்றாக ஓய்வெடுக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

போன மாதம் அந்த டிஸ்க் திறக்கவே இல்லை. சிங்கப்பூரின் பூன் லேயிலிருந்து தேக்காவில் உள்ள ரிப்பேர் கடைவரை ரயிலில் லேப்டாப்பைக் குழந்தைபோல் மடியில் அணைத்துக்கொண்டு போனேன். கணவர் என் கையை விடவே இல்லை.

"அக்கா, டிஸ்க் நாள் முழுக்க தூங்கித் தூங்கி எழுந்து, நின்னு நின்னு ஓடியிருக்கு. அதுலதான் தேஞ்சிடுச்சு. ட்ரை பண்றேன், பிராமிஸ் பண்ண முடியாது லா," என்றார் ரிப்பேர் கடைக்காரர்.

"ஒண்ணே ஒண்ணு கிடைச்சாலும் போதும் தம்பி," என்று அங்கேயே அழுதுவிட்டேன்.

கிடைத்ததும் ஒன்றுதான். பாட்டுகள் எல்லாம் போய், ஒரு துண்டு வீடியோ மிஞ்சியது. கடையில் ஓடவிட்டதும் கணவரின் குரல் அதட்டியது: "ஃபேன ஆஃப் பண்ணு லா, கரண்ட் வீணாப் போகுது!" பக்கத்தில் அவர் சத்தமில்லாமல் சிரித்தார்.

இப்போது அந்த வீடியோவுக்கு மூன்று நகல்கள் இருக்கின்றன. வேலை முடியும்வரை புது டிஸ்க்கை உறங்க விடுவதில்லை. ஃபேனை மட்டும் மறக்காமல் அணைக்கிறேன்.