நிற்கும்போது உடைந்த முட்டைகள்

1. உமிக்கூடை

கமால் பாய் ஒரு பிரம்புக் கூடையைத் தூக்கிவந்து என் பெஞ்சின்மேல் வைத்தார். கூடையில் உமி, உமிக்குள் நாட்டுக்கோழி முட்டை. உமி முழுக்க மஞ்சளாய் ஊறி, பெஞ்சிலிருந்து ஒழுகி, நான் வரிசையாக அடுக்கியிருந்த ஸ்பானர்கள்மேல் சொட்டியது.

“என்ன ஆசாரி, டீசல் போட்டா மிச்சமாகும்னியே. மிச்சம் இந்தா இருக்கு, பாத்துக்க” என்றார்.

அப்போது எனக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. காரைக்குடியில், திருப்பத்தூர் போகிற ரோட்டில் இருந்த ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஹெட் மெக்கானிக்காக இருந்தேன். தச்சுவேலைக் குடும்பத்தில் பிறந்து ஸ்பானர் பிடித்தவன். சோமு என்று எனக்கு ஒரு பெயர் இருந்தும் பாய் ஆசாரி என்றுதான் கூப்பிடுவார். மெக்கானிக் என்று ஒரு தரம் சொன்னால் வாய் வலிக்குமா என்று எனக்கு உள்ளுக்குள் எரியும். அவருடைய பெட்ரோல் பிக்கப்பில் டீசல் இன்ஜினை மாட்டியது நான். மாட்டலாம் என்று அடம்பிடித்ததும் நான்தான்.

என் கெட்டிக்காரத்தனத்தைச் சொல்ல இதை எழுதவில்லை. அந்த இன்ஜினால் ஒரு டிரைவருக்கு வேலை போனது. இன்ஜின்மேல் குற்றமில்லை, அவன்மேலும் குற்றமில்லை. இப்போது இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

2. சின்ன வண்டிக்கு டீசலா?

அறுபதுகளில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் பக்கத்தில் டீசல் என்றால் லாரி, பஸ், கிணற்று இன்ஜின், அவ்வளவுதான். ஜீப், வேன், பிக்கப் எல்லாம் பெட்ரோல். எழுபதுகளில் அரபு நாட்டுச் சண்டைக்குப் பிறகு பெட்ரோல் விலை ஏறியது பாருங்கள், எல்லாரும் ஆடிப்போனார்கள். கண்டனூரில் கல்யாணத்துக்கு வந்து இறங்கிய கார்கள், ஊர் திரும்பும் நாள்வரை கிளப்பப்படாமல் வீட்டு வாசலிலேயே நின்றன. கார் வைத்திருந்தவர்கள் சமாளித்தார்கள். பிக்கப் வைத்துப் பிழைத்தவர்கள் பாடுதான் திண்டாட்டம்.

கமால் பாய் திருப்பத்தூர் சந்தையிலும் சுற்று ஊர்களிலும் முட்டை வாங்கி, காரைக்குடி ஸ்டேஷனில் ரயிலேற்றுகிறவர். வண்டியை விற்றுவிட்டு, பழையபடி பஸ் கூரையில் கூடையைப் போட்டுக்கொண்டு போகப்போவதாகச் சொன்னார். எனக்குப் பொறுக்கவில்லை. சும்மா இருப்பது என் உடம்புக்கே ஆகாது. மதுரைக்குப் போகிறபோதெல்லாம் பழைய இன்ஜின் விற்கிற கடைகளில் சுற்றிக்கொண்டிருந்தவன், அங்கே ஒரு சின்ன நாலு சிலிண்டர் டீசல் இன்ஜினைப் பார்த்து வைத்திருந்தேன்.

முதலாளியிடம் சொன்னேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

“லாரி சாமானு லாரில இருக்கட்டும்டா சோமு. சின்ன வண்டிக்கு டீசல் ஆகாது. கனம், சத்தம், உதறல். மூணும் சேந்து சேஸிஸைத் தின்னுரும்.”

“இன்னும் கொஞ்ச வருசத்துல எல்லாச் சின்ன வண்டியும் டீசலுக்குத்தான் வரும் மொதலாளி. மொத வண்டி நம்ம ஒர்க்‌ஷாப்புல இருந்து போகட்டுமே.”

“போகும். ஆனா திரும்பி வரக் கூடாது, அதான் முக்கியம்.”

பாயையும் பேசிச் சம்மதிக்க வைத்தேன். ஒரு மாதம் வேலை நடந்தது. இன்ஜினும் கியர் பாக்ஸும் சேர நடுவில் ஒரு பிளேட்டை லேத்தில் கடைந்து போட்டோம். கனம் தாங்க முன் ஸ்பிரிங்கில் ஒரு லீஃப் பட்டை கூட்டினோம். ரேடியேட்டரை முன்னால் தள்ளினோம். இன்ஜினை அணைக்க டேஷ்போர்டில் ஒரு ஸ்டாப் கேபிள் வைத்தோம், ஏனென்றால் சாவியைத் திருப்பினால் அந்த டீசல் இன்ஜின் நிற்காது. எல்லாம் ஒழுங்காகவே அமைந்தது.

மவுண்டிங்கில்தான் கோட்டை விட்டேன். இன்ஜின் கால் வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸில் உட்காருகிற இடத்துக்குப் பெயர் மவுண்டிங். நடுவில் ரப்பர் இருக்கும். லாரி டயரில் கெட்டியான துண்டு வெட்டிப் போட்டேன். எங்கள் வீட்டில் எல்லாரும் நிலையும் கதவும் செய்தவர்கள். ஆடுகிற எதைக் கண்டாலும் எங்களுக்குக் கை துறுதுறுக்கும். நட்டில் நீளமான பைப்பைச் சொருகி, காலை ஊன்றி இறுக்கினேன். ரப்பர் நசுங்கி, கட்டையாகிவிட்டது. அதைப் பார்த்து எனக்கு மனசு நிறைந்தது!

3. செபஸ்தி சொன்னது

பாயின் டிரைவர் செபஸ்தி திருப்பத்தூர்க்காரன். ஒல்லி. அதிகம் பேசமாட்டான். டீசல் போட்ட முதல் வாரத்திலேயே முட்டை உடையத் தொடங்கியது. கூடையோடு பாய் வந்த அன்று அவனும் கூட வந்திருந்தான்.

“குழியெல்லாம் பாத்து ஓட்டுறதில்லையா?” என்று கேட்டேன்.

“ஓடும்போது உடையலண்ணே. நிக்கும்போதுதான் உடையுது.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “நிக்கிற வண்டில எப்படிடா உடையும்? கோழி வந்து கொத்துதா?” ஒர்க்‌ஷாப்பே சிரித்தது. செபஸ்தி சிரிக்கவில்லை.

“சந்தையில கூடை ஏத்துறப்ப இன்ஜினை அமத்தறதில்லண்ணே. அமத்துனா மறுபடி கிளம்ப மாட்டேங்குது. அப்பத்தான் ஒரே உதறலா இருக்கு. ஸ்டீயரிங் பிடிச்ச கை மரத்துப் போகுது. நீங்க ரொம்ப இறுக்கிட்டீகளோன்னு...”

“இறுக்குறதைப் பத்தி எனக்கே சொல்ல வந்துட்டியா?”

அன்றும் இறுக்கினேன். அடுத்த வாரம் இன்னும் உடைந்தது. இன்னும் இறுக்கினேன். மூன்றாம் தடவை பாய் வந்து, தணிந்த குரலில், “உள்ளதைச் சொல்லு ஆசாரி. கோளாறு வண்டியிலயா, ஓட்டுறதுலயா?” என்று கேட்டார்.

முதலாளி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். நாட்டரசன்கோட்டையிலிருந்து ஒரு அரிசி வியாபாரி, தன் பிக்கப்புக்கும் டீசல் மாற்றலாமா என்று வேவு பார்க்க வந்து, அவரும் நின்றார். வண்டியில் கோளாறு என்று சொன்னால் என் டீசல் கனவு அதோடு சரி. நான் சொன்னேன்:

“வண்டில ஒண்ணும் இல்ல பாய். ஓட்டுறதுலதான்.”

செபஸ்தி என்னை ஒரு தரம் பார்த்தான். மறுநாளிலிருந்து பாயின் மச்சான் காதர் வண்டி ஓட்டினான்.

4. கழன்ற நட்டு

காதர் ஓட்டியும் முட்டை உடைந்தது. முதலாளி என்னைக் கூப்பிட்டு, “அடுத்த சந்தைக்குள்ள சரியாகலேன்னா பழைய பெட்ரோல் இன்ஜினையே திருப்பி மாட்டிரு. பாய் பொழப்போட விளையாடாத” என்றார். பம்பைப் பார்த்தேன், நாசிலைப் பார்த்தேன், ஸ்பிரிங்கைக் கழற்றிப் பார்த்தேன். எதையாவது நோண்டிக்கொண்டே இருந்தேன்.

சந்தை முடிந்து வண்டி வந்தது. பாய் இறங்கியதும், “ஆசாரி, இன்னைக்கு ஒத்த முட்டை உடையல!” என்றார். அவர் முகத்தில் சந்தோஷத்தைவிட ஆச்சரியம்தான் அதிகமாக இருந்தது.

காதர் முகம் சுளித்துக்கொண்டு இறங்கினான். “முட்டை கெடக்கட்டும் மச்சான். இன்ஜினு கழண்டு விழுந்துரும் போல ஆடுது. கியர் கம்பி நிக்க மாட்டேங்குது. இங்குட்டு வந்து பாருங்க.”

பானெட்டைத் தூக்கினேன். முன் மவுண்டிங் நட்டு இரண்டும் உதறி உதறித் தானாகவே கழன்று, கடைசி இரண்டு மரையில் நின்றுகொண்டிருந்தன. இன்ஜின் இஷ்டத்துக்குக் குலுங்கியது. கை தானாகப் போய் ஸ்பானரை எடுத்தது. நட்டில் வைத்தும் விட்டேன். அப்போது என் இன்னொரு கை மட்கார்டின்மேல் இருந்தது. மட்கார்டு உதறவில்லை.

நிக்கும்போதுதான் உடையுது. செபஸ்தி சொன்னது காதில் விழுந்தது.

பாயிடம் ஒரு கூடை முட்டை கேட்டு வாங்கி, பின்னால் வைத்தேன். இன்ஜினை ஐட்லிங்கில், அதாவது நின்ற இடத்திலேயே மெதுவாக ஓடவிட்டு, நட்டை இறுக்கினேன். வண்டி முழுக்க நடுங்கியது. கூடையில் உமி மெல்ல மெல்ல அடிக்கு இறங்க, முட்டைகள் ஒன்றோடொன்று இடித்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே விரிசல் விட்டன. தளர்த்தினேன். இன்ஜின் மட்டும் ஆடியது, கூடை அசையவில்லை. மறுபடி இறுக்கினேன், மறுபடி உடைந்தது. முதலாளி, பாய், காதர் எல்லாரும் பார்த்தார்கள். டீசல் ஆடத்தான் செய்யும். அதை ஆடவிடாமல் பிடித்தால், அந்த ஆட்டத்தை வண்டிக்குக் கொடுத்துவிடும். இத்தனை முட்டையையும் உடைத்தது என் கைதான்.

எனக்கு அப்படி ஒரு வெட்கம் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

“தப்பு எம்மேல பாய். செபஸ்தி மேல இல்ல” என்றேன்.

பாய் கூடையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். “இதை முந்தியே சொல்லியிருக்கக் கூடாதா? இப்ப மச்சானை எப்படி எறக்கி விடுவேன்? வீட்டுல நான் சோறு திங்க வேணாமா?”

நட்டு மறுபடி கழலாமல், ரப்பரும் நசுங்காமல் இருக்க ஒரு வழி செய்தேன். போல்ட்டைச் சுற்றி ஓர் இரும்புக் குழாய்த் துண்டைக் கொடுத்தால், நட்டு அந்தக் குழாயில் போய் முட்டி நின்றுவிடும், ரப்பரை நசுக்காது. பாய் வண்டி சரியானது. செபஸ்திக்கு வேலை திரும்பவில்லை.

5. போதும்

ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் திருப்பத்தூர் போனேன். செபஸ்தி பஸ் ஸ்டாண்டில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தான். ஸ்டீயரிங் பிடித்தவன் தலையில் சும்மாடு. அந்த மூட்டையை ஏற்றி முடிக்கும்வரை காத்திருந்து, எல்லாவற்றையும் சொன்னேன்.

“நீங்க என்னைக் கேலி பண்ணுனதுகூடப் போகட்டும்ணே. பாய்க்கு முன்னாடி அப்படிச் சொல்லிட்டீகளே” என்றான். அடுத்த மூட்டைக்குப் போய்விட்டான்.

இரண்டு மாதம் கழித்து நாட்டரசன்கோட்டை அரிசி வியாபாரி தன் பிக்கப்பைக் கொண்டுவந்தார். தனக்கு ஒரு டிரைவரும் வேண்டும் என்றார். நான் ஒரு பெயர்தான் சொன்னேன். பாய் வண்டியில் நடந்ததையும் ஒளிக்காமல் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, “வரச் சொல்லுங்க” என்றார்.

புது இன்ஜினை உட்கார வைத்த அன்று செபஸ்தியைக் கூப்பிட்டனுப்பினேன். வந்தான். என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. டிரைவர் சீட்டில் உட்காரச் சொல்லி, இன்ஜினை ஐட்லிங்கில் விட்டேன். குழாய்த் துண்டை இன்னும் அறுக்கவில்லை. இந்த வண்டிக்கு எத்தனை நீளம் என்பது எனக்குத் தெரியாது. அதைத்தான் அவனிடம் கேட்டேன்.

“நான் இறுக்கிக்கிட்டே வாரேன். உன் கைக்கு எங்க சரியா இருக்கோ, அங்க சொல்லு.”

அவன் இரண்டு கையையும் ஸ்டீயரிங்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டான். நான் கால் சுற்று, கால் சுற்றாக இறுக்கினேன். என் கைக்கு அது கொஞ்சமும் பத்தவில்லை. இன்னும் ஒரு சுற்று போகலாம் என்று விரலெல்லாம் துறுதுறுத்தது.

“போதும்ணே” என்றான்.

ஸ்பானரை எடுத்துவிட்டேன். அந்த இடைவெளியை அளந்து, அந்த நீளத்துக்குத்தான் குழாயை அறுத்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ சின்ன வண்டிகளுக்கு டீசல் மாட்டியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் டிரைவரை உட்கார வைத்து, அவர் போதும் என்று சொன்ன பிறகே குழாயை அறுத்தேன்.